81 பலகை, 250 பவுண்டு மணல், 82 ஒற்றைச் சாக்ஸ்

கராஜில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. காணாமல் போன வீரர்களுக்கான நினைவு நடை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மறப்பதற்குள் எழுதிவைத்தால்தான் அடுத்த வருடம் இதே தப்புகளை மறுபடி செய்யாமல் இருப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 79 வயது. அவருடைய தாய்மாமா 1950 குளிர்காலத்தில் கொரியாவில், சோசின் நீர்த்தேக்கப் பக்கம் நடந்த சண்டையில் காணாமல் போனவர். உடல் கிடைக்கவில்லை. பெரியவர் சில வருடங்களாகத் தன் நண்பர்களோடு சேர்ந்து செப்டம்பரில் ஒரு சின்ன நடையை நடத்துகிறார். அமெரிக்காவில் செப்டம்பர் மாத மூன்றாம் வெள்ளி, போர்க்கைதிகளையும் காணாமல் போன வீரர்களையும் நினைவுகூரும் நாள். அதற்கு மறுநாள் சனிக்கிழமை இவர்கள் நடப்பார்கள். வரும் பணம், தேடும் வேலையைச் செய்யும் ஒரு அமைப்புக்குப் போகும். இந்த வருடம் அது செப்டம்பர் 20-ல் வந்தது.

மே மாதம் வேலியோரம் நின்று கேட்டார். "உங்கள் கராஜில் எப்போதும் ஏதோ அறுக்கிற சத்தம் கேட்கிறது. நடக்கிற வழியில் வைக்க ஏதாவது செய்து தர முடியுமா? போன வருடம் வெறும் பாதையில் நடந்தோம், பேசிக்கொண்டே போய்விட்டோம்."

சரி என்றேன். என்ன செய்வது என்று அப்போது தெரியாது.

யோசனை எண்ணிலிருந்து வந்தது. இந்தத் தேடலைச் செய்யும் அரசு முகமை டிபிஏஏ. 2015-ல் பழைய அலுவலகங்களை ஒன்றாக்கி உருவாக்கினார்கள். அவர்கள் கணக்கில் இன்னும் வீடு திரும்பாதவர்கள் 81,000-க்கும் மேல். ஆயிரம் பேருக்கு ஒரு பலகை என்று வைத்தால் 81 பலகை. நடை போக 2.5 கிலோமீட்டர், வர 2.5. முதல் பலகையில் 1000, அடுத்ததில் 2000, இப்படியே போய் திரும்பும் இடத்தில் 81000. பெயர் எதுவும் வேண்டாம் என்று பெரியவரே சொல்லிவிட்டார். பெயர் போட்டால் அந்தக் குடும்பத்தைக் கேட்க வேண்டும், சிலதைப் போட்டுச் சிலதை விடவும் முடியாது.

போர் வாரியாகப் பிரித்தபோதுதான் முதல் சிக்கல். இரண்டாம் உலகப் போர் சுமார் 72,000, கொரியா 7,400-க்கும் மேல், வியட்நாம் 1,500-க்கும் மேல். 72, ஏழரை, ஒன்றரை. கூட்டினால் 81 சரியாக வருகிறது, ஆனால் அரைப் பலகை எங்கே போவது? முழுதாக்கி 8 என்றும் 1 என்றும் போட்டுவிடலாம் என்றேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்நூறு பேரைக் கொரியாவில் கூட்டி வியட்நாமில் கழிப்பதாக ஆகிறது என்று எனக்கே உறைத்தது. அதனால் நிஜமாகவே இரண்டு அரைப் பலகை செய்தேன். கொரியா வரிசை 79500-ல் ஒரு குட்டிப் பலகையோடு முடியும், வியட்நாம் வரிசை 81000-ல் இன்னொரு குட்டிப் பலகையோடு முடியும். ஆக 81 பலகைக்குச் சாமான், நிற்பது 82.

பலகைக்குப் பொருள் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. 2024 நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு வீட்டு வாசல்களில் நட்டிருந்த விளம்பர அட்டைகளை எல்லோரும் குப்பைக்குப் போட்டார்கள். 24 அங்குல அகலம், 18 அங்குல உயரம், நெளி நெளியாக உள்ளே குழாய் ஓடும் பிளாஸ்டிக். கோரோபிளாஸ்ட் என்பார்கள். நாற்றுக்குக் கூரை போடலாம் என்று நூறுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தேன். நாற்றும் போடவில்லை, கூரையும் போடவில்லை. இலவசச் சரக்கு, இதற்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்தப் பதிவில் எனக்கு ஒரே ஒரு வரியைத் திரும்ப எழுத வாய்ப்புக் கிடைத்தால் அந்த "இலவசம்" என்ற சொல்லை எடுத்துவிடுவேன்.

அந்த அட்டைகளோடு வந்த எச் வடிவக் கம்பிகளும் இருந்தன. மண்ணில் குத்தி அட்டையை மாட்டினால் முடிந்தது வேலை. அப்படித்தான் முதல் வரைபடம் போட்டேன். பாதைக்கு அனுமதி கேட்டபோது தரையில் எதையும் குத்தக் கூடாது என்று பதில் வந்தது. நாங்கள் நடப்பது டெலவேர் மாநிலத்து நியூகாசில் ஊரில், டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள பேட்டரி பூங்காவிலிருந்து வடக்கே போகும் ஜாக் மார்கெல் பாதையில். அந்தப் பகுதி பழைய ரயில் தடம், இப்போது தார் போட்டிருக்கிறார்கள். ஓரத்து மண்ணுக்கு அடியில் என்னென்ன குழாய், கேபிள் போகிறதோ. சொந்த வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டவே 811 என்ற எண்ணை அழைத்து, அடியில் என்ன போகிறது என்று கேட்க வேண்டிய நாட்டில் இதை நானே யோசித்திருக்க வேண்டும். கம்பிகளைக் கட்டி மூலையில் போட்டேன்.

அப்போ தானாக நிற்கும் பலகை. அட்டையை நடுவில் வெட்டி இரண்டு 12க்கு 18 துண்டு ஆக்கி, மேல் விளிம்பில் கீல் மாதிரி கோத்தால் கூடாரம் போல் நிற்கும். போகிறவர்களுக்கு ஒரு முகம், வருகிறவர்களுக்கு ஒரு முகம்.

வெட்டுவது சுகமான வேலை. உள்குழாய்கள் 18 அங்குல வாக்கில் ஓடுகின்றன. நடுக்குழாயில் கத்தி முனையை நுழைத்து இழுத்தால் அதுவே தடம் பிடித்துக்கொள்கிறது, அளவுகோல்கூட வேண்டாம். ஒரு அட்டைக்கு இருபது வினாடி. ஆனால் அரைப் பலகைகளுக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். அங்கே கத்தி ஒவ்வொரு குழாய்ச் சுவரிலும் ஏறி இறங்கிக் கோணலாகிறது. இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இடத்தில் நான்கு தடவை லேசாக ஓட்டினால்தான் நேர்க்கோடு வரும். முதல் துண்டை ஒரே இழுப்பில் வெட்டப் போய் வீணாக்கினேன், கட்டைவிரலிலும் ஒரு கோடு விழுந்தது.

அடுத்தது பெயின்ட். இங்கேதான் மூன்று வார இறுதி போனது.

இந்த நினைவு நாளுக்கென்று ஒரு கொடி உண்டு. கறுப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதில் தலை குனிந்த ஒரு மனிதனின் கறுப்பு நிழலுருவம், பின்னால் காவல் கோபுரம், முள்வேலி. வியட்நாம் போர்க் காலத்தில் வந்த கொடி. அதே போல் கறுப்பில் வெள்ளை எண் என்று முடிவாகியிருந்தது. வீட்டில் சுவருக்கு அடித்து மீந்த லேட்டக்ஸ் பெயின்ட்டில் கறுப்புச் சாயம் கலந்து, ரோலரில் பத்து அட்டைக்கு அடித்தேன். இரண்டு கோட். காய்ந்ததும் பளிச்சென்று, கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரியவருக்கும் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் மகள் ஓர் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். வெயிலில் உரிந்த தோல் மாதிரி, ஒரு முழம் பெயின்ட் அப்படியே கழன்று அவள் கையோடு வந்தது. கிழியக்கூட இல்லை. அடியில் வேட்பாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது பெயின்ட் இல்ல, போர்வை" என்றாள்.

இந்தப் பிளாஸ்டிக் பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பெயின்ட் இதன் மேல் ஒட்டாது, உட்கார்ந்திருக்கும் அவ்வளவுதான். பத்து அட்டையையும் உரித்தேன். உரிப்பது மட்டும் ரொம்பச் சுலபம். பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் ஸ்ப்ரே பெயின்ட் அடித்துப் பார்த்தேன். ஒட்டியது. ஒரு நாள் விட்டு, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். டேப்பில் ஒன்றும் வரவில்லை. தேய்க்காமல் அடித்த ஒரு அட்டையில் அதே சோதனையில் பாதி பெயின்ட் டேப்போடு போனது. ஆகவே தேய்த்தே ஆக வேண்டும். 81 அட்டை. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிமுகத்தைத் தேய்த்து அடித்து முடித்து, முதல் ஐந்து கூடாரத்தை நிமிர்த்தி வைத்த பிறகுதான் உள்பக்கம் கண்ணில் பட்டது. அட்டைகள் இரண்டு பக்கமும் அச்சடித்தவை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கூடாரத்துக்குள் தேர்தல் வாசகம் அப்படியே தெரிகிறது. அதிலும் ஒரு கூடாரத்தில் இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் எதிர்க் கட்சி. எதிரும் புதிருமானவர்கள் ஒரே கூடாரத்தில் இருப்பதை நம் ஊர் அரசியலில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த நடையில் எந்தக் கட்சி வாசனையும் கூடாது என்பதில் பெரியவர் கறார். உள்பக்கமும் தேய்த்து, துடைத்து, அடித்தேன். ஒரு டப்பாவுக்குச் சுமார் 15 சதுர அடிதான் ஓடுகிறது. ஒரு அட்டைக்கு இரு பக்கமும் சேர்த்து 6 சதுர அடி. மொத்தம் 34 டப்பா. கடைசிப் பத்து டப்பாவை அடித்தபோது ஆள்காட்டி விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. துப்பாக்கி விசை மாதிரி ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி விற்கிறார்கள், டப்பாவின் தலையில் மாட்டிக்கொள்ளலாம். அது ஐந்து டாலர் என்று தெரிந்தும் வாங்காமல் விட்ட கஞ்சத்தனத்துக்குக் கிடைத்த தண்டனை.

எண்ணுக்கு ஸ்டென்சில். மூன்று அங்குல உயர எண், ஐந்து இலக்கம், 12 அங்குல அகலத்தில் இரு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு உட்காருகிறது. மகள் தடித்த பிளாஸ்டிக் தாளில் வெட்டித் தந்தாள். "000" 79500, 80500 தவிர எல்லாவற்றுக்கும் பொது, அதை ஒரே தாளில் வெட்டினோம். முன்னால் வரும் இலக்கங்களை மட்டும் மாற்றினால் போதும். சுழியத்தின் நடுத்துண்டு தனியாக விழுந்துவிடும் என்பது வெட்டி முடித்த பிறகுதான் இருவருக்கும் தோன்றியது. மேலும் கீழும் சின்னப் பாலம் விட்டு மறுபடி வெட்டினாள். வெள்ளை ஸ்ப்ரே 3 டப்பா.

இதில் இன்னொரு அடுக்கும் சேர்ந்தது. காணாமல் போனவர்களில் 41,000-க்கும் மேற்பட்டோர் கடலில் போனவர்களாகக் கருதப்படுகிறார்கள், மூழ்கிய கப்பல்களோடும் விழுந்த விமானங்களோடும். பாதிக்கும் மேல். கடலடியில் தேடுவது எங்களுக்குத் தூரத்து விஷயமும் இல்லை. பசிபிக்கில் பலாவு தீவுகளைச் சுற்றி விமானங்களைத் தேடிய 'ப்ராஜெக்ட் ரிகவர்' முயற்சியில் 2012-ல் தொடங்கிய நாளிலிருந்து டெலவேர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் இங்கிருந்து காரில் அரை மணிகூட இல்லை. அதனால் 41 பலகையின் அடியில் இரண்டு அங்குல நீலப் பட்டை ஒட்டினேன். பெயின்ட்டைத் தொடவே மனம் வரவில்லை, நீல டக்ட் டேப்தான். இரண்டு ரோல். முதலில் முதல் 41 பலகைக்கும் வரிசையாக ஒட்டலாம் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் பாதி வழியோடு கடல் முடிந்துவிடும். கலந்து ஒட்டினோம், ஒன்று விட்டு ஒன்று, சில இடத்தில் இரண்டு சேர்ந்தாற்போல்.

கீலுக்கு ஜிப் டை. மேல் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் இறக்கி, இரு துண்டையும் சேர்த்துப் பிடித்து இரண்டு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு டை. முதல் கூடாரத்தில் நறுக்கென்று இறுக்கிவிட்டேன். பிறகு விரிக்கவே முடியவில்லை, விரித்தால் ஓட்டை பிளந்தது. சுண்டுவிரலை உள்ளே விட்டு, அதைச் சுற்றி இறுக்கி, விரலை எடுத்துவிட வேண்டும். அந்த அளவு வளையம் இருந்தால் தட்டையாக மடங்கி அடுக்கவும் வரும், விரியவும் வரும். கால்கள் வழுக்கிப் பரப்பிக்கொண்டு விழாமல் இருக்க, கீழிருந்து நான்கு அங்குலத்தில் ஓர் ஓட்டை போட்டு இரு துண்டுக்கும் நடுவே 10 அங்குலக் கயிறு.

ஆகஸ்ட் முதல் வாரம் வாசலில் நான்கு கூடாரத்தை வைத்துக் காற்றுச் சோதனை. இலை ஊதும் கருவியைப் பத்தடி தள்ளி நின்று பிடித்தேன். நான்கும் பறந்து எதிர் வீட்டுப் புல்வெளியில் போய் விழுந்தன. எடை வேண்டும்.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே தொங்கவிடலாம் என்பது என் அடுத்த மகா யோசனை. நடை முடிந்ததும் குடிக்கக் கொடுத்துவிடலாம், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். கீலிலிருந்து தொங்கவிட்டேன். காற்று அடித்ததும் பாட்டில் ஊஞ்சலாடி, கூடாரத்தை உள்ளிருந்தே இடித்துத் தள்ளியது. எடையே வைக்காமல் இருந்ததைவிட மோசம், ஏனென்றால் இப்போது காற்று நின்ற பிறகும் விழுகிறது.

எடை கீழே இருக்க வேண்டும், ஆடக் கூடாது. மணல். உறைபெட்டியில் வைக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கயிற்றின் மேல் வைத்தால் பை வழுக்கி விழுந்தது, இரண்டு பை ஓரத்தில் கசிந்தது. அப்போது துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, ஜோடி இல்லாத சாக்ஸ்களைத் தனியாக ஒரு குவியல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து மணலை நிரப்பி, வாயை முடிந்து, கயிற்றின் மேல் குறுக்கே போட்டேன். சேணம் மாதிரி இரு பக்கமும் வழிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. 3 பவுண்டு. ஊதும் கருவியை ஐந்தடிக்குக் கொண்டுவந்தும் அசையவில்லை.

ஒற்றைச் சாக்ஸ் 82 வேண்டும். எங்கள் வீட்டில் 19 தேறியது. தமிழ்ச் சங்க நண்பர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், பிறகு பை பையாக வந்தது. எல்லா வீட்டிலும் அந்தக் குவியல் இருக்கிறது, ஜோடி என்றாவது கிடைக்கும் என்று யாரும் தூக்கிப் போடுவதில்லை.

விளையாட்டு மணல் 50 பவுண்டு மூட்டை ஐந்து. மூட்டையில் மணல் ஈரமாகவே வருகிறது. நிரப்பிக் கட்டி ஒரு இரவு கராஜில் வைத்ததில் மறுநாள் தரையெல்லாம் நனைந்து, பழைய காலணி வாடை. பிரித்து, தார்ப்பாயில் கொட்டி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்து மறுபடி நிரப்பினேன். இதையும் அடுத்த முறைக்குக் குறித்துக்கொள்கிறேன்.

நடைக்கு முந்தைய நாள் மாலை சாமானை ஏற்றினோம். பாதையில் கார் போகாது. சங்கத்து அண்ணன் ஒருவர் தன் தோட்டத் தள்ளுவண்டியைக் கொடுத்தார். காற்று இறங்கிய டயர், வால்வு ஓரத்தில் கசிவு, பஞ்சர் பசை ஊற்றி ஒப்பேற்றினோம். 250 பவுண்டு மணலையும் 82 கூடாரத்தையும் ஒரே தடவையில் ஏற்றியதும் டயர் சப்பையானது. "தம்பி, பேராசை வேண்டாம், ரெண்டு நடையா போவோம்" என்றார் அண்ணன். அப்படியே செய்ய வேண்டியிருந்தது.

காலை ஐந்தரைக்கு வைக்கத் தொடங்கினோம். நான் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்னால், மகள் கூடாரத்தை விரித்துக்கொண்டு பின்னால், அண்ணன் சாக்ஸ் போட்டுக்கொண்டு அதற்கும் பின்னால். 2.5 கிலோமீட்டர் என்பது 8,202 அடி. 81-ஆல் வகுத்தால் 101 அடிக்குக் கொஞ்சம் மேல். அரைப் பலகைக்கு 50 அடி. தொடக்கக் கோட்டில் 1000, அங்கிருந்து 101 அடியில் 2000. தலைவிளக்கு வெளிச்சத்தில் சுறுசுறுப்பாகப் போய்க்கொண்டிருந்தோம். கடைசி அரைப் பலகையை வைக்கும்போது பார்த்தால், முந்தின வாரம் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்திருந்த திரும்பும் இடம் இன்னும் நூறு அடி தள்ளி இருக்கிறது.

சக்கரம் தப்பு என்றேன். மகள் பேசாமல் தொடக்கக் கோட்டுத் திசையைக் காட்டினாள். முதல் பலகையை 101-ஆவது அடியில் வைத்திருக்க வேண்டும், பூஜ்யத்தில் வைத்துவிட்டேன். நடக்கத் தொடங்கும்போது எண்ணிக்கை பூஜ்யம்தானே. வேலிக்கால் கணக்குத் தப்பு, பள்ளிக்கூடத்திலேயே போட்டு அடி வாங்கிய தப்பு. மணி ஏழரை. எட்டரைக்கு ஆட்கள் வருவார்கள். 82 கூடாரத்தையும் மணலோடு 101 அடி நகர்த்துவதா? அண்ணன்தான் வழி சொன்னார். தொடக்கப் பதாகையை 101 அடி பின்னுக்கு நகர்த்தி, திரும்பும் குறியையும் அழித்துக் கடைசிப் பலகைக்குப் பக்கத்தில் போட்டோம். ஐந்து நிமிடம். யாருக்கும் தெரியாது, இதைப் படிப்பவர்களைத் தவிர.

அறுபது பேர் போல நடந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று இருந்தது. பூங்காவில் நின்றால் டெலவேர் நினைவுப் பாலத்தின் இரட்டை வளைவு தெரியும். 1951-ல் ஒன்று, 1968-ல் ஒன்று எனக் கட்டியது, அதுவும் போரில் இறந்தவர்கள் நினைவாகத்தான். வைத்த 82 கூடாரத்தில் இரண்டு சாய்ந்தன. ஒன்று, சைக்கிள்காரர் உரசியது. இன்னொன்று 79500, அரைப் பலகை. அதன் சாக்ஸ் ஒரு குழந்தையுடையது, மணல் ஒரு பவுண்டுகூட இருந்திருக்காது. குட்டிப் பலகைக்குக் குட்டி எடை போதும் என்று நான் நினைத்தது தப்பு. உயரம் குறைந்தால் கால் அகலமும் குறைகிறது.

ஒரு அம்மா என்னிடம் வந்து, பனிப்போர்க் காலத்தில் போனவர்களுக்குப் பலகை எங்கே என்று கேட்டார். டிபிஏஏ கணக்கில் அவர்கள் 126 பேர். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் எட்டில் ஒரு பலகை, உள்ளங்கை அகலம். அந்த எண் எனக்குத் தெரிந்தே இருந்தது, சின்னது என்று விட்டுவிட்டேன். அவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடம் வைக்கிறேன் என்றேன்.

நான் திட்டமிடாமல் நடந்த ஒன்று, திரும்பும் வழி. போகும்போது எண் ஏறிக்கொண்டே போகிறது, எல்லோரும் முதல் பத்துப் பலகை வரை பேசினார்கள், பிறகு பேச்சு குறைந்தது. திரும்பும்போது அதே பலகைகள் மறுமுகத்தில் இறங்குவரிசையில் வருகின்றன. 80500, 79500, 79000. பெரியவர் கொரியா வரிசையில் மட்டும் மெதுவாக நடந்தார். நான் பக்கத்தில் போனேன்.

சில வருடம் முன் அவரிடம் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து மாதிரி எடுத்துக்கொண்டார்களாம். இந்தப் பரிசோதனைகளைச் செய்யும் ராணுவ டிஎன்ஏ ஆய்வகம் இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில், டோவர் விமானத் தளத்தில் இருக்கிறது. எழுபது வருடம் மண்ணில் கிடந்த எலும்பில் பெரும்பாலும் தாய்வழி வரும் டிஎன்ஏதான் தாக்குப்பிடிக்கும். நம் உறவுமுறையில் சொன்னால் எளிது. அம்மா, பெரியம்மா, சின்னம்மா, மாமா எல்லோரிடமும் அது ஒன்றுதான். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளிடமும் இருக்கும். மாமா பிள்ளைகளிடம் இருக்காது. அதனால் தாய்மாமாவைத் தேட, அக்கா மகனான இவருடைய எச்சில் போதும். 2018 ஜூலையில் வட கொரியா 55 பெட்டிகளில் எலும்புகளைத் திருப்பித் தந்தபோது பல மாதம் தொலைபேசியை எங்கேயும் கூடவே எடுத்துப் போனாராம். குளியலறைக்கும்.

"என் அம்மா இருந்திருந்தால் அவரிடமே எடுத்திருப்பார்கள்" என்றார். பிறகு 79500-ஐ நிமிர்த்தி வைத்துவிட்டு, இதற்கு எடை போதவில்லை என்றார். ஆமாம், சாக்ஸ் சின்னது என்றேன்.

சரி, செலவு. கறுப்பு ஸ்ப்ரே 34 டப்பா, 6.50 வீதம் 221 டாலர். வெள்ளை 19.50. உப்புத்தாளும் ஆல்கஹாலும் 18. மணல் 30. நீல டேப் 14. ஜிப் டை 9. கயிறு 7. ஸ்டென்சில் தாள் 8. மொத்தம் 326.50. டெலவேரில் விற்பனை வரி கிடையாது, ஒட்டியிருக்கும் விலைதான் பில். இது என் கைக்காசு, திரட்டிய பணத்தில் தொடவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். கோரோபிளாஸ்ட் கறுப்பு நிறத்திலேயே, அச்சு எதுவும் இல்லாமல், மொத்தமாக வாங்கினால் ஒன்று 3 டாலருக்குக் கிடைக்கிறது. 81 அட்டை 243 டாலர். கறுப்புப் பெயின்ட்டுக்கும் தேய்ப்புக்கும் நான் செலவழித்தது 239. இலவச அட்டையால் நான்கு டாலர் மிச்சம், மூன்று வார இறுதி நஷ்டம், விரல் வலி தனி.

அடுத்த முறை மாற்றுவது: கறுப்பு அட்டையை வாங்குவது. மணலை முதலிலேயே காயவைப்பது. அரைப் பலகைகளுக்குப் பெரியவர்கள் சாக்ஸ். பனிப்போருக்கு உள்ளங்கை அகலப் பலகை, அது எப்படி நிற்கும் என்று இன்னும் தெரியவில்லை, செங்கல்லில் ஒட்டலாமா என்று பார்க்கிறேன். அப்புறம், முதல் பலகை 101 அடியில்.

கூடாரங்களை மடித்து வண்டியில் அடுக்கும்போது பெரியவர் கேட்டார், "இதில் ஒன்றை எப்போது எடுப்பீர்கள்?" ஆட்களைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எண் குறையத்தானே வேண்டும். ஆண்டுக்கு 200 பேரையாவது அடையாளம் காணும் திறன் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த வேகம் என்று வைத்தால் முழுப் பலகைக்கு ஐந்து வருடம். கடைசியில் நிற்பது அரைப் பலகை என்பதால் அதற்கு இரண்டரை.

"இரண்டரை" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நான் அதற்குள் ஜிப் டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாங்கியது வெள்ளை. வெள்ளை நைலான் வெயிலில் நொறுங்கிப்போகும், இரண்டு கோடை தாங்கினாலே அதிகம். வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி கறுப்பில் தனியாக விற்கிறார்கள், நூறுக்கு இரண்டு டாலர்தான் கூட. இந்த வாரம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 164-ல் நேற்றுவரை 70 முடிந்தது.